பதினோரு நிமிடம்

எல்லா முகத்துக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது, இன்ஸ்பெக்டர் சார். கருமை போக முகத்தில் தடவும் அமிலத்தை மூன்று நிமிடத்தில் கழுவ வேண்டும் என்று திருச்சியில் பியூட்டிஷியன் கோர்ஸில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஆளைப் பார்த்துத்தான் வைப்பேன். நடவு வெயிலில் காய்ந்த கன்னத்துக்கும் துபாய் ஏசியில் இருந்து வந்த கன்னத்துக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரிந்துவிடும். பட்டுக்கோட்டையில் ஏழு வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். இதற்கு முன் ஒரு முகம்கூடப் புண்ணானதில்லை.

அமலோற்பவம் அம்மாளை எனக்கு முன்பே தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் லியோவுக்கு என் தங்கை பிரின்ஸியைப் பெண் பார்க்க வந்தவர். நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, அத்தனை பேர் முன்னால் பிரின்ஸியின் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தார். "போட்டோவுல இருந்த கலரு எங்கம்மா?" என்றார். அதன் பிறகு பிரின்ஸி கோயில் பூசைக்குக்கூடப் போவதில்லை.

எட்டு மாதம் கழித்து, லியோவுக்கு நிச்சயித்த ஷீபாவை அழைத்துக்கொண்டு என் பார்லருக்கே வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் வீட்டையே மறந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உக்காருங்கம்மா" என்றேன்.

"கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் வெளுக்கணும். பாத்துச் செய்ம்மா."

ஷீபாவின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உடனே சிவந்து தடித்தது. அந்த அமிலம் ஆகவே ஆகாத தோல். அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவது என் வழக்கம். அன்றைக்கு முகம் முழுக்கத் தடவினேன்.

"அக்கா, ரொம்ப எரியுதுக்கா."

"அப்படித்தாம்மா இருக்கும். கண்ணைத் தொறக்காத."

மூன்று நிமிடம் ஆனதும் வெளியே வந்து அந்த அம்மாளிடமே கேட்டேன், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று. "வைம்மா, நல்லா வெளுக்கட்டும்" என்றார். பதினோரு நிமிடம் வைத்தேன். ஷீபா முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதெல்லாம் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு கன்னமும் வெந்துவிட்டன. கல்யாணம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில், "அக்கா நல்லாத்தான் பாத்தாங்க, என் தோலுதான் சரியில்ல" என்றாளாம்.

நல்ல பெண். அவள் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் கிடையாது. அவ்வளவு ஆத்திரத்திலும் அமலோற்பவம் அம்மாள் மேல் என் விரல் படவில்லை, சார். நான் நிதானம் தவறாதவள்.