ஏழாம் கட்டில் இசக்கிபாண்டி

— அந்த ஏழாம் கட்டில்ல தலையோட போத்திக்கினு கீறாரே இசக்கிபாண்டி, அவருக்கு இன்னா நோவு, மாடத்தி சிஸ்டர்?

— காய்ச்சல்னு எழுதியிருக்குல்லா, நாகப்பண்ணாச்சி. ஸ்டோர்க்காரவுகளுக்கு ஸ்டோர்ல வேலை இல்லையோ? வார்டுக்குள்ள வந்து நோயாளிய எண்ணுதிய.

— சரக்கு எங்க போவுதுன்னு பாக்கறதும் என் வேலதான்மா. ஒரு வாரமா இவருக்கு ஏத்துன குளுக்கோஸ செம்பரம்பாக்கம் ஏரில ஊத்தியிருந்தா, இந்நேரம் மதகத் தொறந்து வுட்டிருப்பானுங்க.

— பெரிய ஒடம்பு அண்ணாச்சி. தாகம் சாஸ்தி.

— கையுறை பெட்டி பெட்டியா வாங்கினு போற. அவரு இன்னா மரவட்டையா, நூறு கையி இருக்கறதுக்கு?

— அது எங்க கைக்கு. தொட்டுப் பாக்கணும்லா.

— ஊசி?

— குத்தணும்லா.

— கட்டுத்துணி? காய்ச்சலுக்கு எவனாவது கட்டு போடுவானா?

— கட்டில்ல இருந்து விழுந்துட்டாரு.

— தையல் நூலு?

— நல்லா விழுந்துட்டாரு.

— சாப்பாடு?

— கஞ்சி குடிக்காரு.

— கேன்டீன் ஏசுவடியானக் கேட்டுட்டுதான் வரேன். ஏழாம் கட்டிலுக்கு ஒரு வாரமா ஒரு டம்ளர் சுடுதண்ணி கூட போவலையாம். பாக்கவும் ஒரு ஈ காக்கா வரல.

— ஒரகடத்துல காண்ட்ராக்ட் வேலை பாக்குதவரு. சொந்தமெல்லாம் தெக்க கெடக்கு. ரூம்ல கூட இருக்க பயலுவ ஷிப்ட்டு, ஓவர்டைம்னு அலையுதாவ. யாரு வருவா?

— தெக்கன்னா, உன் ஊரா?

— பக்கத்து ஊரு.

— அதான் எனக்கு டவுட்டே. நீங்க ரெண்டு பேரும் கூட்டு. சரக்க வாங்கி சுங்குவார்சத்திரத்துல எவனோ மருந்துக் கடைக்காரனுக்குத் தள்ளி வுட்டுகினு கீறீங்க. நாளைக்கு முதலாளி வார்டு வார்டா பாக்க வராரு. மாட்டுனா என் வேலை போவும், உன் வேலை போவும். நவுரு, நான் அவரு மூஞ்சியப் பாக்கணும்.

— வேண்டாம் அண்ணாச்சி. ஒட்டுவாரொட்டிக் காய்ச்சல்.

— ஒட்டட்டும், எனக்கும் லீவு கெடைக்கும்... யம்மா. இன்னாது இது? தலைன்னு பாத்தா பஞ்சு மூட்டை. வயிறு பூரா குளுக்கோஸ் பாட்டிலு. காலு ரெண்டும் கையுறைப் பெட்டி.

— மெதுவாப் பேசுங்க. எட்டாம் கட்டில்காரரு முழிச்சிருக்காரு.

— ஆளே இல்லாத ஆளுக்கா நான் தெனம் சரக்கு எறக்கினேன்?

— நீங்க போட்ட சட்டந்தான. கார் கம்பெனியில போல்ட்டு நட்டு எடுத்துக் குடுத்த பழக்கத்துல, வார்டுல ஒரு பஞ்சு கூட மிச்சம் இருக்கப்படாது, கட்டில்ல ஆளு இருந்தாத்தான் சரக்குன்னிய. அதான் ஆளப் போட்டேன்.

— அங்க லைன்ல வண்டி வந்தாதான் போல்ட்டு குடுப்போம். ஒரு திருகாணி கூட திருட்டுப் போவாது.

— வண்டி ஒண்ணு பின்னால ஒண்ணு வரும் அண்ணாச்சி. மனுசன் அப்படியா வாரான்? போன மாசம் கம்பெனி பஸ்ஸு கவுந்தப்ப ஒரு பஸ்ஸு சனமும் ஒண்ணா வந்து இறங்கிச்சு. நீங்க ஸ்டோரைப் பூட்டிக்கிட்டு சிங்கப்பெருமாள் கோவில்ல கல்யாணப் பந்தியில இருந்திய. கனிஷ்கான்னு ஒரு பிள்ளைக்குத் தொடை கிழிஞ்சு ஊத்துது. கட்டுத்துணி இல்ல. ஜன்னல் திரையக் கிழிச்சுக் கட்டி, நீங்க சாவியோட வார வரைக்கும் ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டே நின்னேன். அவ பொழச்சிட்டா. அடுத்து வாரவளும் பொழைப்பான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.

— சொன்னேன். ஆளு வரட்டும், அப்புறம் தரேன்னிய.

— ...நெஜமா ஒரு பாட்டில் கூட வெளிய போவலயே?

— எண்ணிப் பாத்துக்கிடுங்க. ஆளு முழுசா இருக்காரு.

— செரி, இன்னிக்கே வார்டுக்கு ஒரு பீரோ தரேன். அவசரச் சரக்கு எல்லாம் அதுல வெச்சிக்க, சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும். முதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா அவரு வரதுக்குள்ள இந்தாளு கெளம்பியாவணும். காய்ச்சல் வுட்டுது, வூட்டுக்குப் பூட்டாருன்னு எழுதிடு.

— அது மட்டும் முடியாது அண்ணாச்சி.

— ஏம்மா, பாசம் வந்துடுச்சா?

— பெரிய டாக்டரு காலையில ரவுண்ட்ஸ் வந்தாரு. தூங்குதாருன்னு சொன்னேன். போர்வையத் தொடாம அங்கன நின்னபடியே பாத்துட்டு, வயிறு இம்புட்டு வீங்குனா ஆகாது, நாளைக்குக் காலம்பற ஆபரேசன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.