நானூற்றுப் பத்து கிராம்

இந்த நாற்காலி லேசாக ஆடுகிறது, ஐயா. பின்கால் ஒன்று குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்தால் நானே வைத்துக்கொள்வேன். நன்றி. இப்போது சொல்கிறேன்.

என் தொழில் எஞ்சின் சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்ப்பது. பழைய எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவதற்கு முன்னால் அதன் ஃப்ளைவீல் என்னிடம் வரும். எந்தச் சக்கரமும் சுற்றிலும் ஒரே கனமாக இருப்பதில்லை. மட்டம் பார்த்துப் பதித்த இரண்டு கம்பிகளின் மேல் அச்சோடு வைத்தால், கனத்த பக்கம் மெல்ல உருண்டு கீழே வந்து நிற்கும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு, கோட்டின் மேல் டிரில்லால் சின்னதாக ஒரு குழி. மறுபடி வைப்பேன், மறுபடி உருளும். விட்ட இடத்தில் விட்டபடி நிற்கும்வரை இதுதான் வேலை. இருபத்தாறு வருஷம் செய்தேன்.

இறந்தவர் என் சகலை, மனைவியின் தங்கை புருஷன். மரம் அறுக்கும் மில் வைத்திருந்தார். நல்ல மனிதர், தாராளமான கை. கீழே மில், மேலே வீடு. வீட்டில் அவர், என் கொழுந்தியாள், எங்கள் இருவருக்கும் பொதுவான மாமியார். மில் எஞ்சின் நாற்பது வருஷப் பழசு. அது ஓடினால் வீடே நடுங்கும். அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும், போகிற போக்கில் யாராவது உள்ளே தள்ளிவிடுவார்கள். எதைப் பேசினாலும் கத்திப் பேச வேண்டும். அதனால் அவசியமானதை மட்டும் பேசினார்கள். சந்தோஷமான குடும்பம்.

போன வருஷம் எஞ்சின் படுத்துவிட்டது. மெக்கானிக் எல்லாவற்றையும் புதிதாக்கினார், சக்கரம் என்னிடம் வந்தது. அருமையான வார்ப்பு, ஐயா. ஒன்பது நாள் அதோடு இருந்தேன். ஒன்பதாம் நாள், கதவைத் திறந்ததும் வந்த காற்றுக்கு ஒரு விரல்கடை நகர்ந்து, காற்று நின்றதும் அங்கேயே நின்றது. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு நிறைவு இருந்ததில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பூட்டி ஓடவிட்டோம். ஓடுகிற எஞ்சின் மேல் ஒரு நாணயத்தை நிமிர்த்தி வைத்தேன். நின்றது. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சகலை மட்டும் சுற்றிலும் பார்த்துவிட்டு, எப்போது ஓட்டப் போகிறோம் என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. வீட்டில் இப்போது எல்லாம் எல்லார் காதிலும் விழுந்தது. பதினெட்டு வருஷமாகத் தன் புருஷன் மெல்லும்போது ஒரு சத்தம் வருகிறது என்பது கொழுந்தியாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பேச்சில் பாதி அவரைப் பற்றி. மீதிப் பாதி தன் அம்மாவைப் பற்றி. நடுக்கம் இல்லாததால் மாமியாருக்கு மத்தியானத் தூக்கம் போய்விட்டது. விழித்திருந்ததால் அவரும் எல்லாவற்றையும் கேட்டார். மூன்றாவது வாரம் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. என் அறையை அத்தைக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தேன். கட்டிலை யாராவது ஆட்டினால்தான் கண் அசரும் என்றார். மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை நான் ஆட்டினேன். ஆட்டுவது சீராக இருக்கிறது, சீராக இருந்தால் தூக்கம் வராது என்று குறைப்பட்டுக்கொண்டார். இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் சகலை பட்டறைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பழையபடி கொஞ்சம் ஆடுற மாதிரி பண்ணிக் குடுங்க."

சக்கரத்தையா என்று கேட்டேன்.

"ஆமா. வீட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியல. நீங்க சரி பண்ணதக் கொஞ்சம் கெடுத்துவிட்டாப் போதும். நாலு ஓட்டை போடுற வேலைதானே அண்ணே."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு ஆட வேண்டும் என்று அளவு கேட்டேன். டம்ளர் ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் நகர்ந்தால் சரியாக இருக்கும் என்றார். அவர் போன பிறகு அவர் குடித்த கிளாஸைக் கழுவி வைத்தேன்.

அந்த அளவுக்கு அறுபது கிராம் இரும்பு எடுத்தால் போதும். நான் நானூற்றுப் பத்து எடுத்தேன். எல்லாம் ஒரே பக்கத்தில். எதிர்ப்பக்கம், உட்புறமாக, ரம்பத்தால் ஒரு விரல் ஆழத்துக்குக் கீறினேன். அதன் மேல் கிரீஸும் கரியும் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தை நானே போய்ப் பூட்டினேன். முதல் நாள் பாதி வேகத்துக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அந்த வேகத்தில் டம்ளர் சரியாக ஒரு சாண் நகர்ந்தது. அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அன்று மாலையே அத்தை பெட்டியோடு திரும்பிப் போய்விட்டார். சகலை போன் பண்ணினார். கொழுந்தியாள் அவருக்கு ஒரு கரண்டி அதிகமாகப் பரிமாறினாளாம். நானும் சந்தோஷப்பட்டேன், ஐயா. பொய் சொல்லவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு முழு வேகம் கொடுத்துப் பாருங்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து, ஏதாவது சத்தம் வந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். சரி அண்ணே என்றார்.

எட்டு மணி என்று சொன்னதற்குக் காரணம், வேலையாட்கள் எட்டரைக்குத்தான் வருவார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். மேலே இருந்த இரண்டு பேரையும் ஏழரைக்கே என் மனைவியோடு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். அத்தைக்குப் புரை இருப்பது அன்றுதான் தெரிய வந்தது. அதற்கு யாரும் எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

சக்கரம் மூன்று துண்டாகப் போனது. ஒன்று மரக் குவியலுக்குள். ஒன்று சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள். மூன்றாவது எங்கே போக வேண்டும் என்று நினைத்தேனோ அங்கே போனது.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி வந்து பார்த்தார். பேலன்ஸ் பார்த்தவரின் கவனக்குறைவு, வேண்டுமென்று செய்ததல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் தோளில் கைவைத்து, வீட்டுக்குப் போங்கள் என்றார். துக்க வீட்டில் கொழுந்தியாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அழவில்லை. ஆனால் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தான். கை தவறிடுச்சு. அவரு இருந்திருந்தா அவரே உங்கள மன்னிச்சிருப்பாரு."

கை தவறிவிட்டது. இந்த வார்த்தையை எட்டு மாதம் கேட்டேன். அத்தை சொன்னார், அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், என் மனைவி சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். மெக்கானிக் இப்போது சக்கரங்களை அடுத்த தெருக்காரனிடம் கொண்டு போகிறார். அவன் கண்ணாலேயே பார்த்துச் சரி என்று சொல்லிவிடுகிறவன். நேற்றுக் கடைத்தெருவில் மெக்கானிக் என்னை நிறுத்தி, வயசானால் எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று ஆறுதல் சொன்னார். இன்று காலை இங்கே வந்துவிட்டேன்.

மனசாட்சி உறுத்தி வந்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம். எட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. நான் கணக்குப் போட்ட தாள் இதோ இருக்கிறது. கீறலின் ஆழம், வேகம், அவர் குனியும்போது தலை இருக்கிற உயரம், எல்லாம் என் கையெழுத்து. நிபுணர் யாரிடமாவது காட்டுங்கள். அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள். இருபத்தாறு வருஷத்தில் என் பட்டறையிலிருந்து பிழையான சக்கரம் ஒன்றுகூட வெளியே போனதில்லை, ஐயா. அதுவும் பிழையில்லை.