சரியா வந்துச்சாம்மா?

கதவை யாராவது சாத்துங்கப்பா... ம். பேய்னா ராத்திரிதான் வரும்னு நினைக்கிறவங்க, இதைக் கேட்டுட்டு நாளைக்கு மத்தியானம் தூங்கிப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு ரோடு... ஈ காக்கா இல்ல. அதோட கோடியில ஸ்கேன் கட்டடம். என்கூட வேலை பாக்குறானே ஒல்லியன், அவனோட பெரியம்மா மக அங்கதான் ஸ்கேன் எடுக்குறவ. எல்லாருக்கும் அக்கா. அன்னிக்கு லீவுதான். அவசரம்னு பெரிய டாக்டர் வரச் சொல்லிட்டார், ஏன்னா ஸ்கேனுக்குப் படுக்கப்போறது அவ கூடப்பொறந்த தம்பி. கன்னத்துக்குள்ள ஆறாத புண்ணு. தாய் தகப்பன் இல்லாத வீடு, அவதான் தூக்கி வளத்தவ. புத்துநோயா இருந்துடுமோன்னு அவளுக்கு சோறே இறங்கல.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன். வாயை ஸ்கேன் எடுக்குறப்ப, கன்னத்தைப் பலூன் மாதிரி உப்பிப் பிடிக்கச் சொல்லணும். இல்லேன்னா கன்னமும் ஈறும் ஒட்டிக்கிட்டு, நடுவுல இருக்குற கட்டி தெரியாது. போன வருஷம் ஒரு பெரியவருக்கு அதைச் சொல்ல அக்கா மறந்துட்டா. வெளிய அவ்வளவு கூட்டம்... அவர் எழுந்து உக்காந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கல.

"சரியா வந்துச்சாம்மா?"ன்னு கேட்டார் மனுஷன். வாயெல்லாம் கிராம்பு எண்ணெய் வாடை.

"வந்துச்சுங்கய்யா"ன்னுட்டா. படத்துல ஒண்ணுமில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தப்ப கன்னத்துல ஓட்டை. அப்புறம்... ஆளே இல்ல.

சரி, தம்பிக்கு வருவோம். ஊசி போட்ட நர்ஸ் வெளிய போயாச்சு. அக்கா கதவைச் சாத்திட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உக்காந்தா. பட்டனை அமுக்கினா. மிஷின் 'உய்ய்ய்'னு சுத்த ஆரம்பிச்சுச்சு... அப்பத்தான் உறைச்சுச்சு. இந்தத் தடவையும் கன்னத்தை உப்பச் சொல்லல. அடிப்பாவின்னு தன்னையே திட்டிக்கிட்டா.

நிமிந்து பாக்குறா... அவன் கன்னம் உப்பியிருக்கு.

உள்ளேர்ந்து ஸ்பீக்கர்ல ஒரு குரல். கொழகொழன்னு... நடுநடுவுல காத்து ஒழுகுற குரல். "அப்படியே... பிடி தம்பி..."

முடிஞ்சதும் உள்ள ஓடினா. ஒருத்தருமில்ல. கிராம்பு எண்ணெய் வாடை மட்டும் குப்புன்னு அடிச்சுச்சு.

"யாருக்கா அந்த ஐயா? தலைமாட்டுல நின்னு கன்னத்தை உப்பச் சொன்னாரே"ன்னான் தம்பி.

படம் பளிச்சுன்னு விழுந்திருந்துச்சு. கோலிக்குண்டு அளவு கட்டி. வெட்டி எடுத்து, தொடைச் சதையை வெச்சுத் தெச்சாங்க. பய பொழைச்சுட்டான். சந்தோஷம்தானே? போர்வையை இழுக்காதடா, இன்னும் முடியல.

தெச்ச கன்னம் மரத்துப்போச்சு. வாய் கொப்பளிக்கக்கூட வராது. ஆனா மத்தியானம் அவன் கண்ணசந்தா... அந்தப் பக்கம் மட்டும் மெல்ல உப்பும். கிராம்பு வாடை வரும். அவன் வாயிலேர்ந்தே, அவனோடது இல்லாத குரல்ல... "சரியா வந்துச்சாம்மா?"

முதல் தடவை அக்கா பயத்துல "வந்துச்சுங்கய்யா"ன்னுட்டா. கன்னம் இன்னும் உப்புச்சு... தையல்ல ரத்தம் கசிஞ்சுச்சு.

இப்ப வேலையை விட்டுட்டா. ரெண்டு மணியானா அவன் பக்கத்துல போய் உக்காந்துக்குறா. அது கேட்டதும், "வரலைங்கய்யா... தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்"ங்குறா. அப்பத்தான் காத்து இறங்குது. தம்பி ஒண்ணும் தெரியாம தூங்குறான்.

மறுநாள் மறுபடியும் கேக்குது.