மூன்றாவது மணி நேரம்

பைக் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வண்டியில் உட்காரப்போவது கட்டைவிரல் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம்தான். நேற்று என் கடைக்கு வந்தபோது நீங்களும் பாதி முடிந்திருந்த ஒரு சீட்டை விரலால்தான் குத்திப் பார்த்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை, மனித சுபாவம் அப்படி.

நேற்று நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், அதற்குப் பிறகுதான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள்; என்னை யாரும் தேடவில்லை. வாயால் சொன்னால் நீங்கள் சுருக்கி எழுதிவிடுவீர்கள், சுருக்கினால் விஷயம் கெட்டுப்போகும். அதனால்தான் பேப்பர் கேட்டேன். தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் நான் சீட் செய்து கொடுக்கிறேன். கம்பெனி சீட்டோடு மல்லுக்கட்டித் தோற்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். வந்ததும் வராததுமாக, மெத்தென்று வேண்டும் என்பார்கள். மெத்தென்று இருக்கிற சீட் கடையில் சொர்க்கம். ஒரு மணி நேரத்தில் சுமார். மூன்றாவது மணி நேரத்தில் அதுதான் உங்கள் எதிரி. உட்காரும்போது உடம்பின் பாரமெல்லாம் இரண்டு எலும்புகளில்தான் இறங்குகிறது. ஃபோம் இளகலாக இருந்தால் எலும்பு அதை நசுக்கிக்கொண்டு அடித்தகட்டில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் தொடை மரக்கும், கால் மரக்கும், புத்தி முழுக்க அந்த வலியிலேயே கிடக்கும். ரோட்டைப் பார்க்க ஆள் இருக்காது. நல்ல சீட் முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். அகலமாகவும் கெட்டியாகவும், ஆளை முன்னால் சறுக்கிவிடாமலும் இருக்க வேண்டும். ஜெல், ஆட்டுத்தோல், காற்றடித்த மெத்தை எல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

யார் வந்தாலும் ஈரக் களிமண் தட்டில் பத்து நிமிடம் உட்காரவைத்து அச்சு எடுப்பேன். பெரிய பெரிய அதிகாரிகள் அதில் உட்கார்ந்துகொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்ப்பார்கள். சீட் முடிந்ததும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அதில் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்டினால்தான் எடுத்துப்போக விடுவேன். திட்டிக்கொண்டேதான் உட்காருவார்கள். என் பெயர் நின்றதே இந்தப் பிடிவாதத்தால்தான்.

என் தம்பி என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். பைக் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. ஒரு பல் டாக்டர் தலைமையில் பயணக் குழு ஒன்று இருந்தது. அவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். தம்பி அதில் சேர்ந்தான். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கேப்டன் முந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் வண்டியை நிறுத்துவார். அதற்கு முன்னால் எவன் முதலில் நிறுத்துகிறானோ, அவன் அன்று சாயங்காலம் எல்லோருடைய வண்டியையும் கழுவ வேண்டும். தம்பி ஒருமுறை ஏழு வண்டி கழுவினான். அதைப் படம் எடுத்துக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து எனக்கும் காட்டிச் சிரித்தான், ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"அண்ணே, இனிமே உயிரே போனாலும் நான் முதல்ல நிறுத்த மாட்டேன்" என்றான்.

அடுத்த பயணத்தில் இருநூற்று அறுபதாவது கிலோமீட்டரில் போய்விட்டான். சின்ன வளைவு, பட்டப்பகல், காலி ரோடு. வண்டி வளையவில்லை, ஓரமாக நின்றிருந்த லாரியில் நேராகப் போய்ச் செருகிக்கொண்டது. கடைசி ஐம்பது கிலோமீட்டர் அவன் ஒருக்களித்து உட்காருவதும், எழுந்து நின்று ஓட்டுவதுமாக இருந்தான் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இளம் வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் ஓட்டுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். நான் வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். கேப்டன் என் சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"அந்த சீட் அவனுக்கு ஒத்துக்கவே இல்லைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார முடியலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கான். மாத்திடுடான்னேன். அண்ணன் செஞ்சு குடுத்தது, அவர்கிட்ட எப்படிச் சொல்றது, மனசு கஷ்டப்படுவார்னான்."

பதினைந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கேப்டன் தன்னுடைய கிறுக்கு வழக்கத்தால் செத்தவனின் சாவை, என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, என் தலையில் கட்டிவிட்டார். ஆனாலும் நாற்காலிகளைப் போட்டு முடித்தேன். அந்த வாரம் முழுக்கக் கேப்டனின் மனைவிதான் என் மனைவியோடு சமையலறையில் நின்றார். அவர் பள்ளிக்கூட டீச்சர், நல்ல பெண்மணி. அதையும் எழுதிவிட வேண்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

எட்டு மாதம் கழித்துக் கேப்டன் என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன்.

"அன்னிக்கு அந்த நேரத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. எனக்கு ஒரு சீட் வேணும். வேற யார்கிட்டயும் போக மனசு வரல" என்றார்.

வண்டி கழுவுகிற வழக்கத்தைக் குழுவில் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். தனக்கு மட்டும் அந்த முந்நூறு கிலோமீட்டர் பழக்கம் போகவில்லையாம், ரத்தத்தில் ஊறிவிட்டதாம். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றுதான் சொன்னாரே தவிர, பேசியது பொய் என்று சொல்லவில்லை. மற்றவர்களாக இருந்தால் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் அளவெடுத்தே பழகியவன்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக அவரும் டீச்சரும் ஒன்பது நாள் பயணம் போகிறார்கள் என்றார். எந்த வழியாக என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், வழி தெரியாமல் சீட் செய்யக் கூடாது. வரைபடத்தை என் மேசையில் விரித்து விரலால் ஓட்டிக் காட்டினார். முதல் நாள் காலையில் மூன்று மணி நேரம் சமவெளி, அதற்குப் பிறகு ஒரு மலை ஏறி இறங்க வேண்டும், அடிவாரத்தில்தான் முதல் நிறுத்தம். நான் அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மறுநாள் டீச்சரும் வந்தார். அவருக்கு நாள்பட்ட இடுப்பு வலி. களிமண்ணில் உட்காரும்போது வெட்கப்பட்டுச் சிரித்தார். "முதல்ல அவருக்குப் பார்த்துப் பண்ணுங்க. நான் எப்படியும் பின்னாடி சாஞ்சுக்குவேன்" என்றார். என் மனைவி எப்படி இருக்கிறாள், தூங்குகிறாளா என்று விசாரித்தார்.

இப்போது வேலைக்கு வருகிறேன். கேப்டனின் சீட்டில் இடது பக்கம் என் வழக்கமான கெட்டி ஃபோம். வலது பக்கம், எலும்பு இறங்குகிற இடத்தில், அதைக் குடைந்து எடுத்துவிட்டு இளகலானதை வைத்தேன். அதற்குக் கீழே, தொடைக்குப் போகிற நரம்பின் பாதையில், ஒரு மர விளிம்பு. மேலே ரெக்சின் இழுத்துத் தைத்தபிறகு என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. உடம்புச் சூட்டில் இளகல் அமுங்க இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு விளிம்பு தன் வேலையைச் செய்யும். அவருடைய வண்டியில் பின் சக்கர பிரேக் வலது காலுக்குக் கீழே இருக்கிறது.

நானே அதை ஸ்டாண்டில் வைத்து உட்கார்ந்தும், கடை வண்டியில் மாட்டி ஓட்டியும் மூன்று முறை சோதித்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்தில் என் வலது கால் யாரோ கழற்றிக்கொண்டு போன மாதிரி இருந்தது. மரக்கிற நேரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போக வேண்டும் என்று விளிம்பை நூலளவு இழைத்தேன். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

ஒரு மணி நேரச் சோதனைக்குக் கேப்டன் வந்து உட்கார்ந்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"எங்கயாவது உறுத்துதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல. தூக்கமே வந்துடும் போல" என்றார். டீச்சர் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இறங்க மனசே வரவில்லை என்றார்.

டீச்சரைப் பற்றி நேற்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். பின்னால் ஆள் இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்களா என்றீர்கள். மறக்கவில்லை. மறந்திருந்தால் அது அஜாக்கிரதை. கேப்டன் போய்ச் சேர்ந்துவிட்டால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? தெரிய வேண்டியவர் இருந்து தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி சாயும்போது ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கு இல்லை. இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் டீச்சரின் சீட்டுக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். என் கையால் செய்ததில் அதைவிட நல்ல சீட் கிடையாது. அவருக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அவர்கள் கிளம்பிய அன்று காலை பதினோரு மணிக்கு, மலை இறக்கத்தின் நான்காவது கொண்டை ஊசி வளைவில் அது நடந்தது. கேப்டன் தடுப்புச் சுவரில் மாட்டிக்கொண்டார், கால் முறிந்தது. டீச்சரைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனதாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். எட்டு மாதமாக நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கால் மரத்துப்போச்சு. பிரேக் மேல கால் இருக்கா இல்லையான்னே தெரியல. அவ ரெண்டு தடவை சொன்னா, கொஞ்சம் நிறுத்துங்கன்னு. நான் கேட்கல. தப்பு என்னோடதுன்னுதான் போலீஸ்ல சொல்லியிருக்கேன். சீட்டைப் பத்தி வாயே திறக்கல. ஒரு தடவை உங்களைப் பேசினது போதும். எந்தக் கையும் ஒரு நாள் தவறத்தான் செய்யும். அவளுக்கு இடுப்பு வலிக்கவே இல்லையாம், சொல்லிக்கிட்டே வந்தா."

மனிதர் என்னை மன்னிக்கிறார். என் கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக அதை மூடி மறைக்கிறார். இரண்டாவது முறையும் அதே பேச்சுத்தான். இந்த முறை அதைக் காதோடு சொல்கிறார், அவ்வளவே வித்தியாசம். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே இங்கே வருவது என்று தீர்மானித்துவிட்டேன்.

ஆகவே எழுத்தில் இருக்கட்டும். கேப்டனின் வலது காலை மரக்கவைத்தது நான். டீச்சரைக் கொன்றது நான். தெரிந்து, அளந்து, சோதித்துச் செய்தேன். அது கைத்தவறு இல்லை. என் கையிலிருந்து தவறுதலாக ஒரு மோசமான சீட் வெளியே போனது கிடையாது. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றைக் கேப்டனிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை வாசிக்கும்போது யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது.

இன்னொரு கேள்விக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. தம்பியின் ஹெல்மெட், கையுறை, நொறுங்கிய வண்டி எல்லாவற்றையும் கடைப் பின்கட்டில் வைத்திருக்கிறேன், சீட் மட்டும் எங்கே என்று கேட்டீர்கள். கேப்டன் சொன்னது பொய் என்றால் அதைத் திறந்து காட்டியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். வண்டி எங்கள் கைக்குத் திரும்பி வந்த அன்றே அந்தச் சீட்டை எரித்துவிட்டேன். திறந்து பார்க்க அதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அவனுக்கு அதைச் செய்த வாரம் கடையில் ஐந்து பேர் வரிசையில் இருந்தார்கள். வீட்டுப் பிள்ளைதானே, அப்புறம் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம் என்று, அச்சும் எடுக்காமல், மிச்சம் கிடந்த துண்டுகளை ஒட்டி ஒரே மத்தியானத்தில் தைத்துக் கொடுத்தேன். வலிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். அவன் சொல்லவில்லை, அதற்கும் கேப்டன்தான் பதில் சொல்ல வேண்டும்.