தல்விக் அண்ணையின் தமிழ்ப் பக்கம்

எனக்கு உதைபந்தாட்டம் பார்க்கவே பிடிக்காது, ஐயா. பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும்.

உர்மாஸ் தல்விக்கைப் பிடித்தது வேறு காரணத்துக்காக. எஸ்தோனியா நாட்டு அணியின் நடுக்களத்தில் ஆடி, எப்போதோ ஓய்வுபெற்ற மனிதர். கொட்டும் மழையில் எதிரணிக் கோல் காப்பாளரின் சப்பாத்து நாடாவை அவர் குனிந்து கட்டிவிடும் காணொளி ஒன்று என் போனில் வந்தது. அவரே சொன்னதுபோலத் தமிழில் இரண்டு வரி எழுதிச் சேர்த்து, அவர் பெயரில் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். தமிழ் நண்பர் ஒருவர் மொழிபெயர்க்கிறார் என்று முகப்பில் போட்டேன். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. குருநகரிலிருந்து கனடா வரை எங்கள் சனம் அவரைத் 'தல்விக் அண்ணை' என்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என்னை நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். அந்த மனிதருக்கும் அதில் நட்டமில்லை. அவருடைய ஊரே அவரை மறந்திருக்கும்.

றெஜி எங்கள் பக்கத்து வீடு. இருபத்திரண்டு வயது, ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் நடுக்களம் ஆடுபவன். "அண்ணை, உங்கடை ஊரிலை வந்து விளையாடலாமோ?" என்று பக்கத்துக்கு எழுதினான். "வா தம்பி, இடம் இருக்கு" என்றேன். அவன் அதை ஊரெல்லாம் காட்டினான். அன்றைக்கு மட்டும் ஆறாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

அவனுடைய தாய் யசிந்தா அன்ரிக்குக் கண்ணில் வெண்புரை. தல்விக் எழுதுவதை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

"பிள்ளை, உவர் நல்ல மனிசனோ?"

"ஓம் அன்ரி. கோபமே வராத ஆள்."

"வெள்ளைக்காரர் கூழ் குடிப்பினமோ?"

"காரம் குறைச்சால் குடிப்பினம்."

அவன் வெளிக்கிட்ட அன்று, அவருக்குக் கூழ் காய்ச்ச என்று அவ அவனுடைய பையில் இரண்டு கிலோ ஒடியல் மா வைத்துக் கட்டினா.

காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், எஸ்தோனியா எல்லைக் காட்டில் இறக்கினான். வழிநெடுக அவன் அனுப்பிய படங்களை நான் பக்கத்தில் போட்டேன். 'எங்கள் தம்பி வருகிறான்' என்று எழுதினேன். சனம் வேலைத்தலத்திலும் போனைத் திறந்து பார்த்தது.

ஒரு மத்தியானம் அவன் எழுதினான்: "அண்ணை, கால் விறைச்சுப் போச்சு. ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போட்டான். பின்னாலை றோட்டு இருக்கு. திரும்பினால் பொலிஸ் பிடிச்சு ஊருக்கு அனுப்புவான். திரும்பட்டோ?"

'திரும்பு' என்று எழுதினேன். பிறகு அழித்தேன். தொண்ணூறாயிரம் பேர் அவன் எல்லை கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்கு வருவதைப் பார்க்க ஒருவரும் காத்திருக்கவில்லை. 'வா தம்பி, காட்டின் இந்தக் கரையில் நிற்கிறேன்' என்று அனுப்பினேன். பிறகு சோறு சாப்பிட்டேன். அவனுக்குக் கால் இருந்தது, றோட்டும் இருந்தது. நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை.

நாலாம் நாள் எல்லைக் காவலர் அவனைப் பனிக்குள்ளிருந்து எடுத்தார்கள். தல்விக்கின் பெயரில் கண்ணீர் அஞ்சலி எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுதான் மிக நன்றாக வந்தது. ஒரு இலட்சம் தாண்டியதும் அன்றைக்குத்தான்.

யசிந்தா அன்ரிக்கு அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். "அந்த மனிசனாவது என்ரை பிள்ளைக்காக அழுகுதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டா.

பக்கத்தை மூடச் சொல்கிறீர்கள், ஐயா. மூட மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமிருந்து அவரையும் பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.