கேட்காமல் எடுத்து வந்த மோதிரம்

என் பெயர் வஹீதா, வயது 46, கணவர் பெயர் மன்சூர். திருச்சி பாலக்கரையில் குடியிருந்து வீட்டில் தையல் வேலை செய்து வருகிறேன். ஸ்ரீரங்கத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பிச்சமுத்து என்பவர் என் மேல் கொடுத்த புகார் சம்பந்தமாக இன்று காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வதாவது:

என் கணவர் முன்பு சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். திருமணமான மறு வருஷம் அமெரிக்காவில் ஒரு பழைய நகைக் கடையிலிருந்து தங்க மோதிரம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அதை இருபது வருஷத்துக்கு மேல் இடது கையில் கழற்றாமல் போட்டிருந்தேன். சில வருஷங்களாக மோதிரத்தின் அடியில் தோல் சிவந்து உரிந்துவந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து களிம்பு தடவினேன். அதன் பின்பு அது ஆறாத புண்ணாகி விரல் வீங்கியதால், பிச்சமுத்துவிடம் போய் மோதிரத்தை அறுத்து எடுத்து அவரிடமே விற்றுவிட்டேன்.

அதன் பின்பு மருத்துவமனையில் சதையெடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரியவந்து விரலையே எடுத்துவிட்டார்கள். புண் வளையம்போல் இருந்ததால், தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் மோதிரத்தைப் பற்றி விசாரித்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் புற்றுநோய் வைத்தியத்துக்குக் கதிர்வீச்சு வாயுவைச் சிறிய தங்கக் குழாய்களில் அடைத்து உபயோகித்ததாகவும், அந்தத் தங்கம் சில நகைகளில் கலந்துவிட்டதாகவும், அது வருஷக்கணக்கில் தோலில் பட்டால் இப்படி ஆகலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய் பிச்சமுத்துவைக் கேட்டேன். அறுத்த இடத்தைப் பற்றவைத்து மோதிரத்தை மருமகள் யாழினிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "பவுன் விலை ஏறிப்போச்சுன்னு திரும்ப வேணும்னா நேரா கேளுங்கம்மா. தங்கத்துல வியாதின்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றார். பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் யாழினி கைக்குழந்தையை மடியில் போட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். மோதிரம் குழந்தையின் கன்னத்தில் உரசிக்கொண்டே இருந்தது. நான் விஷயத்தைச் சொல்லி மோதிரத்தைக் கேட்டதும் அதை நகர்த்திக் காட்டினார். அடியில் லேசாகச் சிவந்திருந்தது. "மாமாவைக் கேக்காம நான் எப்படிக்கா குடுக்கிறது?" என்றார்.

அதன் பின்பு குழந்தையைக் குளிப்பாட்டுவதற்காக மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போனார். நான் அதை எடுத்து டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது டப்பாவை ஆற்றில் எறிந்துவிடலாமா என்று தோன்றியது. அந்தத் தண்ணீரைத்தான் எல்லாரும் குடிக்கிறோம் என்பதால் எறியவில்லை.

நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே கதிர்வீச்சை அளக்கும் கருவியை அருகில் கொண்டுபோனதும் அது விடாமல் சத்தம் போட்டது. மோதிரத்தை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதன் பின்பு நானே பிச்சமுத்துவுக்கு போன் செய்தேன். அதற்குள் அவர் புகார் கொடுத்திருந்தார். யாழினியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் பெட்டியைத் திறந்து கருவியை மறுபடியும் வைத்துக் காட்டினார். பிச்சமுத்து யாழினியின் விரலைப் பிடித்துப் பார்த்தார். யாழினி என்னைப் பார்த்து, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்று கேட்டார். நான் டாக்டரிடம் கேட்டேன். கொஞ்ச காலம்தான் போட்டிருந்ததால் குழந்தைக்குப் பயமில்லை என்றும், யாழினியின் விரலை மட்டும் அவ்வப்போது காட்ட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் யாழினி குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

மோதிரத்தைக் கேட்காமல் எடுத்தது நான்தான். இவையனைத்தும் நடந்தபடி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை. எழுதியதை வாசிக்கக் கேட்டு, சரியென்று கண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ம. வஹீதா