தொட்ட குதிரை

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனைத் தலைவர் ஜுமாதில் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அனார்குல் அக்கா அவர்களே, நம் சதுரங்க மன்றத்து நண்பர்களே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடிவந்து நிற்கும் ரயில்பெட்டிப் பிரிவுச் சகோதரர்களே, அனைவருக்கும் என் சலாம்.

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். ஒர்மோன்குல் சாதிரோவ் அவர்களைப் பற்றிப் பேசப் பத்து நிமிடமா? ஒரு சிப்பாயை நகர்த்தவே அவர் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாரே! எதிரே இருப்பவன் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி தின்று, தேநீர் குடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பான். இவர் அப்போதும் கன்னத்தில் கைவைத்தபடியே இருப்பார்.

இசிக்குல் ஏரிக்கரையில் தண்டவாளம் முடிந்துபோகும் ஊர் நம்முடையது. இங்கே வந்த ரயில் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். ஒர்மோன்குல் அண்ணன் தோற்ற ஆட்டங்களையும் அப்படித்தான் பார்த்தார். கடைசி நகர்விலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போவார். "தோத்த எடத்துல தப்பைத் தேடாதடா, அது எப்பவோ முன்னாடியே வந்து உக்காந்திருக்கும்" என்பார். நம் மன்றத்தின் வியாழக்கிழமை வழக்கத்தைக் கொண்டுவந்தது யார்? அவர்தானே! தோற்றவன் எழுந்து நின்று, தன் ஆட்டத்தைத் தானே பிரித்துக் காட்ட வேண்டும். எதிராளியின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த நேரத்தில் நீ என்ன நினைத்தாய், அதை மட்டும் சொல்.

பதினோரு நகர்விலேயே அவர் தோற்ற ஆட்டம் நினைவிருக்கிறதா? எஞ்சின் ஓட்டுநர் பெய்ஷே, நீங்கள்தானே ஜெயித்தீர்கள்! ஆட்டங்களைக் குறித்துவைக்கும் தன் நோட்டில் என்ன எழுதியிருந்தார்? "ஏழாம் நகர்வு: சமோவாரில் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று யோசித்தேன்." சிரியுங்கள், பரவாயில்லை. அவரும் சிரித்துத்தான் வாசித்தார்.

ஆனால் அந்தப் பழக்கம் பலகையோடு நின்றதா? நிறுத்தியிருந்த பெட்டி ஒன்று தானாக உருண்டு சுவரில் மோதிய அன்று, நாமெல்லாம் பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர் மட்டும் தான் செய்த வேலையை நான்கு நாள் பின்னோக்கித் தேடிப் போனார். "அந்த பிரேக் போல்ட்ட முறுக்கினவன் நான்தான். பாதி முறுக்கும்போது யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டேன்" என்று வந்து நின்றார். யாரும் அவரைக் கேட்கவேயில்லை! யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

எனக்கு வராது. அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

இந்த மன்றத்தின் செயலாளர் தொலொகோன் என்று என்னை அழைக்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கோப்பையில் என் பெயர் இருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இறுதி ஆட்டத்தில் ஒர்மோன்குல் அண்ணனை வென்று வாங்கிய கோப்பை. அதற்குப் பிறகு நான் ஒரு போட்டி ஆட்டமாவது ஆடியிருக்கிறேனா? நிர்வாக வேலை என்றேன், கண் வலி என்றேன். நீங்களும் நம்பினீர்கள்.

அன்று இருபத்தேழாம் நகர்வு. என் குதிரை என் ராணியை மறைத்து நின்றது. அது அசைந்தால், பலகையின் மூலையிலிருந்து அவருடைய மந்திரி குறுக்கே வந்து என் ராணியை எடுத்துவிடும். அதைப் பார்க்காமல் குதிரையை விரலால் பிடித்துவிட்டேன். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும், கட்டத்தில் சரியாக வைக்கத் தொட்டால் மட்டும் குற்றமில்லை, உங்களுக்குத் தெரியும். நடுவர் தேநீர் எடுக்கப் போயிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கட்டத்துல சரியா வெக்கிறேன்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. நான் ராணியை நகர்த்தினேன். ஜெயித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, தோற்றவர் என்பதால் அவர் எழுந்து நின்றார். இருபத்தைந்து, இருபத்தாறு என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சட்டை நனைந்தது. இருபத்தேழைச் சொல்லிவிட்டு அப்படியே கடந்துபோனார். "முப்பத்துநாலுல நான் தப்பு பண்ணேன்" என்று உட்கார்ந்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். எங்கே தப்பித்தேன்? அன்று போய் நின்ற மூலையில்தான் இன்றும் நிற்கிறேன். ஜெயித்தவனின் ஆட்டத்தை இங்கே யாரும் பிரிப்பதில்லை. சொல்லவும் வாய்ப்பில்லை, விடவும் வழியில்லை.

இன்று காலை அண்ணனின் மனைவி அனார்குல் அக்கா அவருடைய நோட்டு ஒன்றை என் கையில் திணித்தார்.

"இந்தா, ஒன் ஆட்டமாம். ஒனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு."

"என்ன எழுதியிருக்கு அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? முப்பது வருஷமா என்னைய விட்டுட்டு அதோடதான குடும்பம் நடத்துனாரு. நீயே படி!"

படிக்கிறேன். அவர் கையெழுத்து.

"முப்பத்துநாலாம் நகர்வு பிழை இல்லை. பிழை இருபத்தேழில். தொலொகோன் குதிரையைத் தொட்டான். பார்த்தேன், பேசவில்லை. நட்பு என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. நான் பெரிய மனிதன் என்று எனக்கே காட்டிக்கொள்ளும் ஆசை. அதற்குப் பிறகு அவன் ஆடவேயில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கு ஓர் ஆட்டத்தோடு போயிருக்கும். அவனை அடைத்து வைத்தவன் நான்."

அண்ணே! இதிலுமா என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வீர்கள்? விடமாட்டேன். உங்கள் பிழை உங்கள் நோட்டில் இருக்கட்டும். என் பிழையை நான் எழுதிக்கொள்கிறேன்.

நண்பர்களே, இந்த வியாழக்கிழமை முதல் நம் மன்றத்தில் வென்றவனும் எழுந்து நின்று தன் ஆட்டத்தைப் பிரிப்பான். செயலாளராக இது என் கடைசி அறிவிப்பு. கோப்பையில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதல் ஆட்டம் என்னுடையது. வியாழன்வரை என்னால் பொறுக்க முடியாது. அவர் படத்துக்கு முன்னால் இந்தத் துணிக்கடியில் இருப்பது அன்றைய பலகை. இருபத்தேழாம் நகர்வு. பெய்ஷே, விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.

இதோ, குதிரையைத் தொடுகிறேன். நகர்த்துகிறேன்.

அனார்குல் அக்கா, மேடைக்கு வாருங்கள். ஆடத் தெரியாவிட்டால் என்ன? உங்கள் மந்திரி அந்த மூலையில் இருக்கிறது. குறுக்கே நேர்வழி, நடுவில் இப்போது எதுவும் இல்லை. என் ராணியை எடுத்துக்கொள்ளுங்கள்.